நான்கு சதுரம் போதும், குழு சேர்ந்துவிடும்

கேள்வி: பேட்ச்வொர்க் (துண்டுத் துணிகளை இணைத்துத் தைப்பது), குவில்ட் (துணிகளை அடுக்கித் தைக்கும் போர்வை) எல்லாம் ஓரளவு தைப்பேன். தனியாகவே தைத்து அலுத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் குழு எதுவும் இல்லை. நானே தொடங்கலாமா?
– வாசகி, கோவை

பதில்: தாராளமாகத் தொடங்குங்கள். நான்கு பேர் கிடைத்தால் போதும். நீங்கள் துணி வாங்கும் மேட்சிங் சென்டரிலும் அக்கம்பக்கத்துத் தையல் வகுப்பிலும் சொல்லி வையுங்கள். ஆனால் “கற்றுத் தருகிறேன்” என்று மட்டும் சொல்லாதீர்கள். சொன்னால் நீங்கள் டீச்சர் ஆகிவிடுவீர்கள். நீங்கள் ஊருக்குப் போகும் மாதம் யாரும் கூடமாட்டார்கள். “சேர்ந்து உட்கார்ந்து தைக்கலாம், வாங்க” என்று கூப்பிடுங்கள்.

முதல் நாள் மெஷின் வேண்டாம். தூக்கி வருவதும் சிரமம், சத்தத்தில் பேச்சும் நடக்காது. கைத்தையலே நல்லது. ஆளுக்கு ஐந்து இஞ்ச் சதுரம் நான்கு: அடர் நிறத்தில் இரண்டு, வெளிர் நிறத்தில் இரண்டு. 44 இஞ்ச் பன்னா (அகலம்) உள்ள காட்டனில் அரை மீட்டருக்கு 24 சதுரம் வரும். நிறத்துக்கு அரை மீட்டர் வாங்கினால் பன்னிரண்டு பேருக்குக் காணும். வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். சிவப்பு, கருநீலத் துணிகளை ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துணியே வேண்டாம்.

தையலுக்கு விடும் ஓரம் எல்லோருக்கும் கால் இஞ்ச், அதாவது தையல் அளவில் இரண்டு நூல் (ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு). துணியின் பின்பக்கம் நீங்களே பென்சிலால் கோடு போட்டுக் கொடுங்கள். மனஸ்தாபம் பெரும்பாலும் இந்தக் கோட்டில்தான் தொடங்கும். ஒருவர் அரை நூல் கூடுதலாகப் பிடித்தால், இரண்டு துணியும் சேர்ந்து தையலுக்கு ஒரு நூல் போய்விடும். பத்துச் சதுரம் கொண்ட வரிசையில் ஒன்பது தையல். ஒரு இஞ்சுக்கு மேல் குறையும். அதைப் பக்கத்து வரிசையோடு இழுத்துச் சேர்த்தால் சுருக்கம் விழும், யார் தைத்தது என்ற பேச்சும் வரும். நான்கு சதுரத்தையும் சேர்த்ததும் பிளாக் ஒன்பதரை இஞ்ச் இருக்கிறதா என்று அங்கேயே, அவரவர் கையாலேயே அளக்கச் சொல்லுங்கள். குறைந்தால் அப்போதே பிரித்துத் தைப்பது சுலபம்.

இப்படி 20 பிளாக் சேர்ந்தால் 36க்கு 45 இஞ்சில் அழகான குழந்தைப் போர்வை கிடைக்கும்.

மாதத்தில் இரண்டாம் சனி என்றால் இரண்டாம் சனிதான், நாளை மாற்றாதீர்கள். டீ, பிஸ்கட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் போண்டா, கேசரி என்று ஆரம்பித்தால், அடுத்த முறை தன் வீட்டில் வைக்கப் பலரும் தயங்குவார்கள். துணிச் செலவை அன்றன்றே பங்கிட்டுவிடுங்கள். முடிந்த போர்வை யாருக்கு என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள். யாருக்கும் மனக்குறை இல்லாமல் இருக்கச் சீட்டுக் குலுக்கிப் போடலாம்.