கேள்வி-பதில்: பெயர் சொல்லாமல் விற்கும் குச்சிப்பூச்சிகள்

பார்க்கக் குச்சி மாதிரியே இருக்கும் குச்சிப்பூச்சியை வீட்டில் வளர்க்க வாங்கியவர்களின் கடிதங்கள் நிறைய சேர்ந்துவிட்டன. சுருக்கி, ஒன்றாகத் தருகிறேன்.

கேள்வி: இந்தியக் குச்சிப்பூச்சி ஒரு ஜோடி வாங்கினேன். ஆண் கிடைப்பது கஷ்டம் என்று அதற்கு இரண்டு மடங்கு விலை வாங்கினார்கள். இப்போது இரண்டுமே முட்டை போடுகின்றன.

பதில்: உங்களை ஏமாற்றிவிட்டார்கள். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. இந்த இனத்தில், அதாவது காரௌசியஸ் மொரோசஸில், ஆண் மிக மிக அபூர்வம். வீடுகளில் வளர்வது கிட்டத்தட்ட எல்லாமே பெண்தான். துணையே இல்லாமல் ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் முட்டையிடும், அதிலிருந்து வரும் குஞ்சுகளும் பெண்ணாகவே இருக்கும். இதை வளர்த்து விற்கிற ஒருவருக்கு இது தெரியாமல் இருக்காது. இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் ஒரு வாரம் வையுங்கள். இரண்டு பெட்டியிலும் விழுந்த முட்டைகளைப் படம் எடுத்து, 'ஜோடி' என்று போட்ட விளம்பரத்தோடு சேர்த்து அனுப்பி, கூடுதலாக வாங்கிய பணத்தைக் கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: பெட்டியோடு ஒரு பொட்டலம் உணவுத்தூளும் கொடுத்தார்கள். தினமும் எவ்வளவு போட வேண்டும்?

பதில்: போடவே வேண்டாம். இவை பச்சை இலை மட்டும்தான் தின்னும்.

கேள்வி: 'ராட்சதக் குச்சிப்பூச்சி' என்ற பெயரில் நான்கு குஞ்சுகள் வாங்கினேன். எந்த இலை வைத்தாலும் கடிக்கவில்லை. இரண்டு செத்துவிட்டன. என்ன இனம் என்று கேட்டால் பதிலே வரவில்லை.

பதில்: நீங்கள் எழுதியதைப் படித்ததும் மனசு கனத்தது. பல வருடங்களாக நான் திரும்பத் திரும்பச் சொல்லும் குறை இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். குச்சிப்பூச்சியில் 3,000-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. 'ராட்சத', 'முள்', 'கறுப்பு' என்பதெல்லாம் தோற்றத்தைச் சொல்லுமே தவிர என்ன தின்னும் என்று சொல்லாது. பெயர் தெரிந்தால்தான் இலை தெரியும். இந்தியக் குச்சிப்பூச்சி ஐவி கொடி, பிரிவெட் வேலிச்செடி, பிராம்பிள் முட்கொடி என்று பலவற்றையும் தின்னும். ஆஸ்திரேலியாவின் முள் குச்சிப்பூச்சி எக்ஸ்டடோசோமா தியாரட்டம் யூகலிப்டஸ் தின்னும், பிராம்பிளுக்கும் பழகிக்கொள்ளும். ஓரியோபீட்டஸ் பெருவானா என்றால் பெரணி மட்டும்தான், மெகாக்ரானியா என்றால் தாழை வேண்டும். பெரணி தின்னும் பூச்சியின் முன்னால் வேறு எந்த இலையைக் குவித்தாலும் அது பட்டினியால்தான் சாகும். உயிருள்ள ஒன்றை விற்கிறவர் அதன் அறிவியல் பெயர், எத்தனை முறை தோலுரித்திருக்கிறது, இப்போது எந்த இலையில் வளர்கிறது என்ற மூன்றையும் எழுதித் தர வேண்டும். மூன்றும் ஒரு வரியில் அடங்கிவிடும். அந்த ஒரு வரியை எழுத மனமில்லாதவர், பூச்சி உங்கள் வீட்டில் பிழைக்கிறதா இல்லையா என்று கவலைப்படாதவர். பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மிச்சமுள்ள இரண்டுக்கும் பிராம்பிள், ஓக், ரோஜா, யூகலிப்டஸ், பெரணி என்று மருந்து படாத இலைகளை ஒரே நேரத்தில் வைத்து, எதன் ஓரத்தில் கடித்த தடம் இருக்கிறது என்று காலையில் பாருங்கள். இவை பெரும்பாலும் இரவில்தான் தின்னும். குஞ்சுகளுக்குத் தடித்த இலையின் ஓரத்தைக் கத்தரித்து வைத்தால் கடிக்கச் சுலபமாக இருக்கும்.

கேள்வி: 50 முட்டை வாங்கி மூன்று மாதம் ஆகிறது. ஒன்றுகூடப் பொரியவில்லை. தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம், பொறுங்கள். இந்தியக் குச்சிப்பூச்சிக்கே மூன்று நான்கு மாதம் ஆகும், குளிரான அறையில் இன்னும் தள்ளிப்போகும். எக்ஸ்டடோசோமா அதைவிட அதிக நாள் எடுக்கும். லேசான ஈர மணலில் வைத்து, பூஞ்சை வராமல் பார்த்துக்கொண்டு ஒரு வருடமாவது காத்திருங்கள். ஆனால் இப்போதே லென்ஸ் வைத்து ஒவ்வொரு முட்டையின் நுனியையும் பாருங்கள். அங்கே சின்ன மூடி ஒன்று இருக்கும், குஞ்சு அதைத் தள்ளிக்கொண்டுதான் வெளியே வரும். மூடி இல்லை என்றால் அது ஏற்கெனவே பொரித்துப்போன வெறும் ஓடு. நான் முதன்முதலில் வாங்கிய 40 முட்டைகளில் 23 அப்படித்தான் இருந்தன. அதைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது, அதற்குள் விற்றவர் கணக்கையே மூடிவிட்டார். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. அதனால் முட்டை வந்த அன்றே எண்ணிப் பாருங்கள், படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: தோலுரிக்கும்போது விழுந்து, கால்கள் வளைந்துபோய்விட்டன. நோயுள்ள பூச்சியை விற்றுவிட்டார்களா?

பதில்: பெட்டியின் உயரம் என்ன என்று நீங்கள் எழுதவில்லை, எனக்கு அதன் மேல்தான் சந்தேகம். தலைகீழாகத் தொங்கித்தான் பழைய தோலிலிருந்து இறங்கும். வளர்ந்த பூச்சியின் நீளத்தைப்போல் மூன்று மடங்காவது உயரம் வேண்டும், 10 செ.மீ. பூச்சிக்கு 30 செ.மீ. பிடித்துத் தொங்க மேலே வலை வேண்டும். நானும் ஆரம்பத்தில் அழகாக இருக்கிறதே என்று அகலமான, உயரம் குறைந்த கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி மூன்று பூச்சிகளைக் கெடுத்தேன். குஞ்சாக இருந்தால் இழந்த கால் அடுத்தடுத்த தோலுரிப்பில் கொஞ்சம் கொஞ்சமாக வளரும். கடைசித் தோலை உரித்து முடித்ததற்கு அது வளராது.

கேள்வி: பிறந்தநாள் பூங்கொத்தில் இருந்த ரோஜா இலைகளை வைத்தேன். எட்டும் மறுநாளே செத்துவிட்டன. வேறு எட்டு எங்கே வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு எங்கேயும் வாங்காதீர்கள். கடைப் பூக்களில் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள், பூச்சிக்கு அதையா கொடுப்பது? எட்டு உயிர் போயிருக்கிறது, நீங்கள் அடுத்த எட்டைக் கேட்கிறீர்கள். வருடம் முழுவதும் மருந்து படாத இலை கிடைக்கும் செடி ஒன்றை முதலில் கண்டுபிடித்துவிட்டு எழுதுங்கள். அப்புறம் இன்னொன்று, இலைக்கொம்பை நிறுத்தும் தண்ணீர்ப் பாட்டிலின் வாயைப் பஞ்சால் அடைக்க வேண்டும், இல்லையென்றால் குஞ்சுகள் உள்ளே விழுந்து மூழ்கிவிடும்.

கேள்வி: முட்டை 300-ஐத் தாண்டிவிட்டது. தோட்டத்தில் கொட்டிவிடலாமா?

பதில்: கூடாது. வெளியூர் இனம் வேலியில் பரவினால் பிடிக்க முடியாது. வளர்க்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பொரிப்பதற்கு முன்பே சில நாள் ஃப்ரீசரில் வைத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள்.