செருப்பும் சிம்மாசனமும்

வணக்கம். டொமினிக்கன் குடியரசின் சர்வாதிகாரி ரஃபேல் ட்ருஹியோவைப் பற்றி எழுதியபோது, அவர் தம்பி எக்டர் 8 வருடம் ஜனாதிபதியாக இருந்ததை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். எதற்கெடுத்தாலும் அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டிய வாழ்க்கை. எனக்குப் பரிதாபமாக இருந்தது. அவரைப் பரதன் என்று சொல்லலாமா?

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பரதன் செருப்பை வைத்து ஆண்டபோது அண்ணன் காட்டில் இருந்தான். இங்கே அண்ணன் அரண்மனையை விட்டு நகரவே இல்லை. தம்பிதான் செருப்பு.

1952 ஆகஸ்டில் எக்டர் பதவியேற்றார். தலைநகரின் பெயர் 1936-லிருந்தே சியுதாத் ட்ருஹியோ, அதாவது ட்ருஹியோ நகரம். படை அண்ணன் கையில். 1954-ல் வத்திக்கானுடன் உடன்படிக்கை. ஜனாதிபதி ஊரில் இருக்க, ரோமுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டவர் ரஃபேல்!

பரிதாபப்பட்டே ஆக வேண்டுமென்றால் ஹசிந்தோ பெய்னாடோ மேல் படுங்கள். 1937-ல் ஆயிரக்கணக்கான ஹைட்டியர்களைக் கொன்ற பழி வந்ததும், ரஃபேல் அடுத்த வருடம் ஒதுங்கிக்கொண்டு உட்கார வைத்த வெளியாள் அவர். தன் வீட்டின் மேலேயே 'கடவுளும் ட்ருஹியோவும்' என்று மின்விளக்கில் எழுதி வைத்தவர். பதவியிலேயே செத்தும் போனார்.

எக்டர் கதை வேறு. ராணுவத்தில் வளர்ந்தவர், அதற்குத் தலைமையும் தாங்கியவர். குடும்பச் சொத்தில் பங்காளி. 1960 ஜூனில் வெனிசுவேலா ஜனாதிபதி பெத்தான்கூர் மீது ரஃபேலின் ஆட்கள் குண்டு வைத்த விவகாரம் முற்றியபோதுதான் இவருடைய உண்மையான உபயோகம் வெளிப்பட்டது. ஆகஸ்ட் 3-ல் ராஜினாமா. துணை ஜனாதிபதி பலகேர் அந்த இடத்துக்கு வந்தார். 'பாருங்கள், எங்கள் குடும்பத்தில் யாரும் பதவியில் இல்லை' என்று அமெரிக்க நாடுகளுக்குக் காட்டத்தான். யாரும் ஏமாறவில்லை, அதே மாதம் தடைகள் வந்தன.

சரி, இதுவரை அண்ணன் சொன்னபடி என்றே வைத்துக்கொள்வோம். 1961 மே 30-ல் அண்ணனைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அப்புறம் யார் இவரைக் கட்டாயப்படுத்தியது? வெளிநாட்டுக்குப் போயிருந்த மனிதர், நவம்பரில் இன்னொரு சகோதரர் அரிஸ்மெண்டியோடு ஆட்சியைப் பிடிக்கத் திரும்பி வந்தார். செருப்பு தானாகவே நடந்து வந்து சிம்மாசனத்தில் ஏறப் பார்த்தது. அமெரிக்கப் போர்க்கப்பல்கள் கரைக்கு அருகில் வந்து நின்றன. சில நாட்களிலேயே குடும்பம் நாட்டைவிட்டு ஓடியது.

எக்டர் 2002-ல், 94 வயதில், மியாமியில் இறந்தார்.