ஷூரிகெனை மட்டும் கொடுத்துவிட்டுப் போங்கள்

கேள்வி: அரிசோனாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்கிறோம். கராத்தே பழகும் மகனிடம் ஒரு நுஞ்சாக்கு (சங்கிலியாலோ கயிற்றாலோ இணைத்த இரண்டு தடிகள்), ஒரு ஜோடி சாய் (மூன்று கவர் கொண்ட குத்தும் உலோக ஆயுதம்), சுவரில் மாட்டிய இரண்டு ஷூரிகென் (எறியும் நட்சத்திரத் தகடு) இருக்கின்றன. எடுத்துப் போகலாமா?

பலரும் பயப்படுவது நுஞ்சாக்குவுக்குத்தான். கலிஃபோர்னியாவில் அதில் இப்போது சிக்கல் இல்லை. 1970களின் குங்ஃபூ பட மோகத்தில் மாநிலங்கள் போட்ட தடைகளில் பல விழுந்துவிட்டன. நியூயார்க்கின் 1974 தடையை 2018 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் ரத்து செய்தது. அரிசோனா 2019இல் சட்டத்தைத் திருத்தியது. கலிஃபோர்னியாவில் 2022 ஜனவரி 1 முதல் தடை இல்லை. இணையத்தில் இன்னும் சுற்றும் பழைய பட்டியல்களை நம்பிக் குழம்ப வேண்டாம்.

வம்பு ஷூரிகெனில்தான். கலிஃபோர்னியா தண்டனைச் சட்டம் 22410ஆம் பிரிவின்படி விற்பது மட்டுமல்ல, மாநிலத்துக்குள் கொண்டுவருவதும், வைத்திருப்பதும், இன்னொருவருக்குக் கொடுப்பதும் குற்றம். ஓராண்டு வரை கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) சிறை, சில வழக்குகளில் மாநிலச் சிறையே. "அலங்காரத்துக்கு மாட்டியது" என்பது எடுபடும் என்று எண்ணாதீர்கள். கைப்பிடி இல்லாத உலோகத் தகடு, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முனைகள், கூர்விளிம்பு, எறிவதற்கான வடிவமைப்பு: சட்டம் பார்ப்பது இவற்றைத்தான். ரப்பரில் செய்த பயிற்சி ஷூரிகென் இதற்குள் வராது. உலோகத்தில் உள்ளதைப் புறப்படும் முன்பே அரிசோனாவில் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். வீட்டுச் சாமான் பெட்டிக்குள் போட்டு அனுப்பினாலும் எல்லை தாண்டியது தாண்டியதுதான்.

சாய் வீட்டில் இருக்கலாம். ஆனால் குத்த உடனே பயன்படும் எந்தக் கருவியும் அங்கே குத்துவாளாகக் கருதப்படக்கூடும். அதை மறைத்து உடலோடு எடுத்துச் செல்வது 21310ஆம் பிரிவின்படி குற்றம். மகன் தோள்பையில் சாயோடு பஸ் ஏறுவது இந்தச் சிக்கலைத்தான் இழுத்துவரும். உறையிலிட்டு, கார் டிக்கியில் பூட்டி, நேராக வகுப்புக்குக் கொண்டுபோங்கள். வகுப்பு பள்ளிக்கூட அரங்கில் நடந்தால் சாயை வீட்டிலேயே விடுங்கள். பள்ளி வளாகத்துக்குக் கெடுபிடியான தனிச் சட்டம் உண்டு.

விமானத்தில் போவதானால் நுஞ்சாக்கு, சாய் இரண்டும் செக்‑இன் பெட்டியில்தான். முனைகளைத் துணியால் நன்றாகச் சுற்றுங்கள். பிற்பாடு பாஸ்டன் பக்கம் மாற்றலானால் மறுபடி பார்க்க வேண்டும்: மாசசூசெட்ஸில் நுஞ்சாக்குவைக் கையில் மட்டுமல்ல, காரில் வைத்துக்கொண்டு போவதும் குற்றம்.