அந்தத் தாய் யாரை எழுப்பப் போனாள்?

கேள்வி: எனக்கு 54 வயது. மகன் வேலைக்காக டொராண்டோ போய் இரண்டு வருடம் ஆகிறது. அவன் விட்டுப்போன நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற வீடியோ கேம் கருவி அலமாரியில் கிடந்தது. தூசி தட்டும்போது ஆன் செய்து பார்த்தேன். அதில் ‘டிராகன் குவெஸ்ட் 11’ என்ற ஆட்டம் இருந்தது. சும்மா தொட்டவள், எட்டு மாதத்தில் முழுக்க முடித்துவிட்டேன். முடிவு வந்த பிறகும் கதை நீள்கிறதே, அதையும் விடவில்லை. எந்த அரக்கனிடம் எந்த மந்திரம் பலிக்கும் என்று பால் கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதிவைத்திருக்கிறேன். “பேரன் பேத்தி எடுக்கிற வயசுல பொம்மை விளையாட்டா?” என்கிறார் கணவர். அதனால் அவர் தூங்கிய பிறகு, 11 மணிக்கு மேல்தான் எடுப்பேன். மகனிடமும் சொல்லவில்லை, சிரிப்பானோ என்று. அவன் பாதியில் நிறுத்திச் சேமித்துவைத்த ஆட்டம், அதாவது அவனுடைய சேவ், 40 மணி நேரத்தில் நிற்கிறது; அதை நான் தொடவே இல்லை. எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில் ஒரு தாய் பிள்ளையை எழுப்ப மாடிப்படி ஏறுகிறாள். அதைப் பார்த்து ஏன் என்றே தெரியாமல் அழுதேன். இப்போது வீடே வெறிச்சென்று இருக்கிறது. எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா? இல்லையென்றால், அடுத்து எதை விளையாடட்டும்? ஆங்கிலம் எனக்கு மெதுவாகத்தான் ஓடும்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்தத் தாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் பிறகு.

அவள் எழுப்பப் போவது ‘டிராகன் குவெஸ்ட் 3’-இன் கதாநாயகப் பிள்ளையை. அந்த ஆட்டம் ஜப்பானில் வெளிவந்தது 1988 பிப்ரவரி 10, ஒரு புதன்கிழமை. பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுக் கடை வாசலில் வரிசை கட்டி நின்ற பிள்ளைகளைப் போலீஸ் பிடித்த கதையெல்லாம் உண்டு. அதை வாங்கி வீட்டுக்கு ஓடிய பிள்ளைகள் முதலில் பார்த்த காட்சி இதுதான்: அலியஹான் என்ற ஊரில் ஒரு வீடு. “எழுந்திரு, இன்றைக்கு உனக்குப் பதினாறு வயது” என்று அம்மா எழுப்புகிறாள். கையோடு கூட்டிக்கொண்டு போய் அரண்மனை வாசலில் விடுகிறாள். அரக்கனை வெல்லப் புறப்பட்ட அப்பா திரும்பி வரவில்லை. இப்போது பிள்ளையின் முறை. அவள் தடுக்கவில்லை.

அன்று பத்து வயதில் அதை விளையாடிய ஒருவருக்கு, 2017-இல் 11 வெளிவந்தபோது 39 வயது. உங்களைப் போலவே நூறு மணி நேரத்துக்கு மேல் விளையாடி முடித்தபின், ஒரு பெண் மாடிப்படி ஏறுவதைப் பார்க்கிறார். விளக்கம் எதுவும் கிடையாது. அந்தப் படிக்கட்டே போதும்; தன் பால்யத்தின் முதல் காட்சிக்கு இந்தப் பெரிய கதை முழுவதும் முன்கதை என்று அவருக்கு அந்த நொடியில் புரிந்துவிடுகிறது. உங்களுக்கு அந்தப் பழைய ஆட்டம் தெரியாது. ஆனாலும் அழுதீர்கள். இருபது வருடத்துக்கு மேல் ஒரு பிள்ளையைக் காலையில் எழுப்பி அனுப்பியவர் நீங்கள். பிறகு விமான நிலைய வாசல்வரை போய் விட்டுவிட்டு வந்தவரும் நீங்கள்தான். அந்தக் காட்சி உங்களுக்குப் புரியாமல் போகவில்லை. உங்கள் வழியில் புரிந்திருக்கிறது. இதில் கிறுக்கு எங்கே இருக்கிறது?

ஆகவே அடுத்து விளையாட வேண்டியது 3. அதைப் புதுப்பித்து 2024 நவம்பரில் வெளியிட்டார்கள். உங்கள் ஸ்விட்சிலேயே ஓடும். உங்களுக்குப் பிடிக்கும் என்று நான் நினைக்கும் இரண்டு விஷயங்களை மட்டும் சொல்கிறேன். 11-இல் துணைக்கு வருபவர்கள் கதையோடு வந்து சேர்ந்தார்கள். 3-இல் அலியஹான் ஊரில் ஒரு மதுக்கடை இருக்கிறது; அங்கே போய் வீரன், பூசாரி, மந்திரக்காரி என்று உங்கள் துணைகளை நீங்களே உருவாக்கி, நீங்களே பெயர் சூட்டவேண்டும். வீட்டில் உள்ளவர்கள் பெயரைத் தாராளமாக வைக்கலாம். நான் என் அத்தை பெயரைப் பூசாரிக்கு வைத்தேன். ஆட்டம் முடியும்வரை எல்லோருடைய காயத்தையும் அவள்தான் ஆற்றினாள். இரண்டாவது விஷயம், எந்தச் சத்திரத்தில் தங்கினாலும் தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்குவார்கள் அல்லவா? அலியஹானில் உங்கள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பேசினால், உங்களையும் கூட வந்தவர்களையும் படுக்கவைத்துத் தெம்பாக அனுப்புவாள். பத்துப் பைசா வாங்கமாட்டாள். உலகத்தின் மறுகோடியில் இருக்கும்போதுகூட, மந்திரம் போட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டுப் போகும் பழக்கம் எனக்கு இருந்தது.

3 முடிந்ததும் 1, அதன் பிறகு 2. வெளிவந்த வரிசை வேறு, கதையின் வரிசை இதுதான். அந்த இரண்டையும் சேர்த்துப் புதுப்பித்து 2025 அக்டோபரில் விட்டிருக்கிறார்கள்.

உங்கள் நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1986-இல் வந்த முதல் ஆட்டத்தில் சேவ் செய்யும் வசதியே கிடையாது. நிறுத்தும்போது ராஜா இருபது எழுத்தில் ஒரு மந்திரம் சொல்லுவார். பொருளே இல்லாத இருபது ஜப்பானிய எழுத்துகள். அதைத் தாளில் எழுதிவைத்து, அடுத்த முறை ஒன்று பிசகாமல் தட்டினால்தான் விட்ட இடத்துக்குப் போகலாம். இரண்டாவது ஆட்டத்தில் அது 52 எழுத்துவரை நீண்டது. மங்கலான டிவியில் ஓர் எழுத்தை வேறாகப் படித்துவிட்டால் போச்சு, “மந்திரம் தவறு” என்று வரும். ஒரு வார உழைப்பு காலி. அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் இப்படி ஒரு நோட்டு இருந்தது. உங்கள் பால் கணக்கு நோட்டு அந்த வரிசையில் வருகிறது. பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள்.

வயது விஷயத்துக்கு வருவோம். இந்தத் தொடரின் கதையையும் அமைப்பையும் உருவாக்கியவர் யூஜி ஹோரி. ஸ்லைம் என்ற குட்டி அரக்கனையும் மற்ற அரக்கர்களையும் வரைந்தவர் அகிரா தொரியாமா. இசை கோயிச்சி சுகியாமா. 1986 முதல் 2017 வரை வரிசை எண் போட்டு வந்த 11 ஆட்டங்களிலும் இந்த மூவரின் கை இருக்கிறது. ஒரே வீட்டுச் சமையல்போல எதை எடுத்தாலும் அதே கைப்பக்குவம் தெரியும். 11-லிருந்து 3-க்குப் போகும்போது அந்நியமாக இருக்காது என்று நான் தைரியமாகச் சொல்வதற்கு அதுதான் காரணம். நீங்கள் ஆட்டத்தைத் திறந்ததும் எக்காளத்தோடு ஒலிக்குமே, அந்த மெட்டு முதல் ஆட்டத்திலிருந்து வருவது. 2021 டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாடுகளின் அணிவகுப்பு அதோடுதான் தொடங்கியது.

அந்த மெட்டை எழுதியபோது சுகியாமாவுக்கு ஏறக்குறைய 55 வயது. ஏற்கெனவே பெயர் பெற்ற இசையமைப்பாளர். விளையாட்டுப் பிரியர். இந்தத் தொடரை வெளியிட்ட எனிக்ஸ் நிறுவனத்தின் சோகி ஆட்டம் ஒன்றை, அதாவது ஜப்பானியச் சதுரங்கத்தை, விளையாடிப் பார்த்துவிட்டுக் கருத்து எழுதி அனுப்பினார். அந்த ஓர் அட்டைதான் அவரை இந்தத் தொடருக்குள் கொண்டுவந்தது. 2021-இல், 90 வயதில் காலமானார். உங்கள் கணவர் அடுத்த முறை வயதை இழுத்தால், இந்த மனிதரைப் பற்றிச் சொல்லுங்கள்.

ஆங்கிலம் மெதுவாக ஓடட்டும், அவசரம் யாருக்கு? இதில் உங்கள் முறை வந்தால் எதிரி கை கட்டி நிற்பான். அடுப்பில் பாலைப் பார்த்துவிட்டு வந்து அடியுங்கள், அப்போதும் நிற்பான். ஊரில் யாரிடமாவது பேசும்போது வரும் எழுத்தும் நீங்கள் பட்டனை அழுத்தும்வரை நகராது. தோற்றால் கையிலுள்ள காசில் பாதி போகும், சேர்த்த அனுபவப் புள்ளி ஒன்றுகூடக் குறையாது. அடுத்த முறை இன்னும் பலத்தோடு போவீர்கள். கை வேகம் இல்லாதவரும் பொறுமையாகப் போனால் முடித்துவிடலாம் என்று திட்டமிட்டே கட்டிய ஆட்டம் இது. எட்டு மாதத்தில் நீங்கள் முடித்ததே அதற்குச் சாட்சி.

ஆனால் நாளைக்கே 3-ஐத் தொடங்காதீர்கள். வீடு வெறிச்சென்று இருக்கிறது என்கிறீர்கள். ஆனித் தேர் நிலைக்கு வந்த மறுநாள் ரத வீதி எப்படி இருக்கும் என்று நெல்லைக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வாரம் அப்படியே இருக்கட்டும்.

எனக்கு உண்மையாகவே கவலை தருவது ஒன்றுதான்: இரவு 11 மணிக்கு மேல், ஒளித்து. இந்த வயதில் தூக்கத்தை விற்று எதையும் வாங்கக் கூடாது. பிடித்ததைத் திருட்டுத்தனமாகச் செய்தால், நாளாக ஆகப் பிடித்ததே குற்றமாகத் தோன்றிவிடும். மதியச் சமையல் முடிந்த பிறகு கூடத்தில் உட்கார்ந்து விளையாடுங்கள். இரண்டு மணி நேரம். யாராவது கூப்பிட்டால் பவர் பட்டனைத் தட்டுங்கள், சண்டை நடுவிலும் அப்படியே உறங்கும்.

கணவருக்கு ‘டிராகன் குவெஸ்ட் 5’ வைத்திருக்கிறேன். 1992-இல் வந்தது. உங்கள் ஆண்ட்ராய்டு போனிலேயே காசு கட்டி வாங்கலாம். போனை நிமிர்த்திப் பிடித்து ஒரு கையால் விளையாடும்படி செய்திருக்கிறார்கள். அப்பாவோடு கப்பலில் வரும் ஒரு சின்னப் பையனில் தொடங்குகிறது. ஆரம்பத்தில் ஒவ்வொரு சண்டை முடிந்ததும், நீங்கள் கேட்காமலே அப்பா உங்கள் காயத்துக்கு மந்திரம் போடுவார். அதை மட்டும் கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டுங்கள். பையன் வளர்ந்த பிறகு, ஓர் இரவு முழுக்க யோசித்துப் பெண் பார்த்து முடிவு செய்ய வேண்டும். போன் பதிப்பில் மூன்று பெண்கள். யாரைக் கட்டிவைப்பது என்று ஜப்பானில் இன்றுவரை வாக்குவாதம் ஓயவில்லை. உங்கள் வீட்டில் அவர் முடிவு செய்யட்டும். பெண் பார்க்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லாமல் இருக்கும் நெல்லைக்காரரை நான் பார்த்ததில்லை.

மகனிடம் மறைப்பதுதான் எனக்குப் புரியவில்லை. அவன் 40 மணி நேரத்தில் நிறுத்திய கதையை நீங்கள் கடைசிவரை போய்ப் பார்த்திருக்கிறீர்கள். அவன் சேவைத் தொடாமல் காத்தும் வைத்திருக்கிறீர்கள். ஞாயிறு மாலை ஆறரைக்குப் போன் போடுங்கள். அங்கே காலை எட்டோ ஒன்பதோ இருக்கும். தூங்கிக்கொண்டுதான் இருப்பான். எழுப்புங்கள். எந்த ஊரில் விட்டாய் என்று கேளுங்கள்.