டிராம் கம்பெனி எலி பிடித்த கதை

போன இதழில் பம்பாய் டிராமைப் பற்றி நாலு வரி எழுதப்போக, இந்தத் தடவை வந்த தபாலில் பாதி டிராம் கேள்விகள்தான். சரி, ஒரேயடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். ஜாதகம், மாமியார், முடி கொட்டுதல் எல்லாம் அடுத்த இதழுக்கு.

நாகூர் வாசகர்: என் பாட்டனார் கப்பலில் வேலை பார்த்தவர். அவருடைய தகரப் பெட்டியில் ஒரு பித்தளைப் பொத்தான் கிடந்தது. லாடம் மாதிரி ஒரு காந்தம், ஒரு சக்கரம், இரண்டும் சேர்ந்து பொறித்திருக்கிறது. எந்த நாட்டுப் பட்டாளத்துப் பொத்தான் ஐயா இது?

பட்டாளம் இல்லை, டிராம் கம்பெனி. நீங்கள் அனுப்பிய படத்தில் ஓரம் தேய்ந்திருந்தாலும் காந்தமும் சக்கரமும் நன்றாகவே தெரிகிறது. அது இங்கிலாந்தில் பிரிட்டிஷ் எலக்ட்ரிக் டிராக்‌ஷன், சுருக்கமாக பி.இ.டி. என்ற கம்பெனியின் முத்திரை. டிராம் வண்டியின் பக்கவாட்டில் இருக்கும், ஊழியர் சட்டையிலும் இருக்கும். எந்தத் துறைமுகத்தில் எந்தக் கண்டக்டரிடம் உங்கள் பாட்டனார் அதை வாங்கினாரோ! தெருவிலிருந்து குதிரையைத் துரத்திய கம்பெனி லாடத்தை மட்டும் முத்திரையில் வைத்துக்கொண்டது என்று எனக்கு ஒரு சின்னச் சிரிப்பு. அவர்களைக் கேட்டால் அது லாடமே இல்லை, காந்தம் என்பார்கள்.

1890களின் நடுவில் தொடங்கிய கம்பெனி. மூளையாக இருந்தவர் எமில் கார்க்கே, ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்துக் குடிமகனானவர். டிராம் வண்டிகளும் மின் இயந்திரங்களும் செய்த பிரஷ் கம்பெனியிலும் அவர்தான் பெரிய தலை. அவருடைய கணக்கு எளிது. ஊருக்கு ஊர் குதிரை டிராமும் நீராவி டிராமும் நொண்டிக்கொண்டிருந்தன, அவற்றை வாங்கு, மின்சாரம் ஏற்று, ஆனால் பெயரை மட்டும் அந்தந்த ஊர்ப் பெயராகவே விட்டுவிடு. அதனால் கம்பளம் நெய்யும் கிடர்மின்ஸ்டரில் 1898இல் மின்சார டிராம் ஓடியபோது அது அந்த ஊர்க் கம்பெனி. பீங்கான் செய்யும் பாட்டரிஸ் ஊர்களில் வேறு பெயர், இரும்பும் நிலக்கரியுமாகக் கிடந்த பர்மிங்காம் பக்கத்து ஊர்களில் வேறு பெயர், வேல்ஸில் ஸ்வான்சி, வடக்கே கேட்ஸ்ஹெட் என்று எங்கே போனாலும் உள்ளூர்ப் பெயர்தான் பலகையில். கடிவாளம் மட்டும் லண்டனில். கடைக்கு மகன் பெயர் வைத்து, கல்லாவில் அப்பா உட்கார்ந்திருப்பாரே, அதேதான்.

கடல் தாண்டியும் போனார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 1902இல் டிராம் விட்டார்கள். நம் பம்பாயில் 1874 முதல் குதிரை டிராம் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே மின்சார உரிமம் கேட்டு 1904இல் மனுப் போட்டதும் இதே பி.இ.டி.தான், பிரஷ் கம்பெனியைத் தன் ஏஜென்டாக வைத்துக்கொண்டு. 1905இல் உரிமம் கிடைத்தது, 1907 மே 7 அன்று பம்பாயின் முதல் மின்சார டிராம் ஓடியது. இன்று மும்பையில் சிவப்பு பஸ் ஓட்டும் 'பெஸ்ட்' அந்த வழியில் வந்ததுதான். பொத்தானைப் பாலிஷ் போட்டுக் கெடுத்துவிடாதீர்கள்.

திருவாரூர் வாசகர்: இத்தனை ஊரில் கொடி கட்டிப் பறந்த கம்பெனி ஏன் டிராமை விட்டது? பஸ் வந்ததாலா?

பஸ் வந்தது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி 1870இல் பிரிட்டனில் போட்ட டிராம்வே சட்டத்தில் இருக்கிறது.

அந்தச் சட்டப்படி, தண்டவாளம் போட அனுமதி கிடைத்து 21 வருஷம் ஆனதும் கம்பெனியிடமிருந்து நகரசபை அதைக் கட்டாயமாக வாங்கிக்கொள்ளலாம். அப்போது விட்டால், அதன்பின் 7 வருஷத்துக்கு ஒருமுறை அந்த வாய்ப்பு மறுபடி வரும். எவ்வளவுக்கு வாங்குவது? 'அன்றைய மதிப்புக்கு' என்றது சட்டம். அன்றைய மதிப்பு என்றால் என்ன என்று எடின்பரோவிலும் லண்டனிலும் வழக்காகி, அங்கே கடைசி அப்பீலைக் கேட்கும் பிரபுக்கள் சபை வரை போய், 1894இல் தீர்ப்பு வந்தது: இதையெல்லாம் புதிதாகப் போட என்ன செலவாகுமோ அதில் தேய்மானத்தைக் கழித்துக் கொடுத்தால் போதும், வருகிற வருமானத்துக்கு விலை கிடையாது.

வெற்றிலைக் கொடிக்கால் குத்தகை தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். நிலத்துக்காரர் வந்து, நட்ட அகத்திக்கும் வெட்டின வாய்க்காலுக்கும் தேய்மானம் போக இவ்வளவு, கொடியில் கிடக்கிற வெற்றிலைக்குக் காசில்லை, ஏறி வா வெளியே என்றால் எப்படி இருக்கும்? அப்படிப்பட்ட குத்தகைக்காரன் பதினெட்டாம் வருஷம் புதுக் கொடி நடுவானா? கம்பெனியும் நடவில்லை. கெடு நெருங்க நெருங்கத் தண்டவாளம் தேய்ந்தது, வண்டி ஆடியது, ஜனங்கள் திட்டினார்கள், நகரசபை 'பார், இவர்களுக்கு நடத்தத் தெரியவில்லை' என்றது.

இன்னொரு கொடுமையும் உண்டு. தண்டவாளங்களுக்கு நடுவில் உள்ள தெருவையும், வெளியே இரு பக்கமும் 18 அங்குலத்தையும் கம்பெனியே பராமரிக்க வேண்டும். குதிரை இழுத்த காலத்தில் அது நியாயம், குளம்பு பட்டுத்தானே தெரு குழியாகிறது. மின்சாரம் வந்து குளம்பு போன பிறகும் செலவு போகவில்லை. அப்புறம் பஸ் வந்து, டிராம் கம்பெனி காசில் செப்பனிட்ட அதே தெருவில் ஓடி, டிராம் பயணிகளையே ஏற்றிக்கொண்டு போனது! கார்க்கே கூட்டத்தார் அழுது புலம்பவில்லை, தாங்களே பஸ் விட ஆரம்பித்தார்கள். பர்மிங்காம் பக்கத்துச் சிவப்பு பஸ்கள், 'மிட்லண்ட் ரெட்' என்பார்கள், இவர்களுடைய பிள்ளைதான். ஆக்லாந்து டிராமை 1919இல் அந்த நகரசபையே வாங்கிக்கொண்டது. பாட்டரிஸில் 1928இல் டிராம் நின்றது, கேட்ஸ்ஹெட் மட்டும் 1951 வரை இழுத்தது. பஸ்ஸும் கடைசிவரை தங்கவில்லை. 1968இல் பிரிட்டிஷ் அரசாங்க நிறுவனத்துக்கு 35 மில்லியன் பவுண்டுக்கு விற்றுவிட்டுக் கையைக் கழுவினார்கள். நாலு வருஷம் கழித்து, 1972இல் கும்பகோணத்தில் அரசின் சோழன் போக்குவரத்துக் கழகம் வந்தபோது நம் பக்கத்துப் பஸ் முதலாளிகளின் முகம் எப்படி இருந்தது என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், அது தனிக்கதை.

பட்டுக்கோட்டை வாசகர்: மெட்ராஸில் டிராம் ஓட்டியதும் இவர்கள்தானா?

இல்லை, அது வேறு கம்பெனி. 1895இலேயே மின்சார டிராம் விட்டார்கள், லண்டன் தெருவுக்கே அது 1901இல்தான் வந்தது. முதலில் கம்பி தலைக்கு மேல் இல்லை, தெருவுக்கு அடியில் ஒரு காடி வெட்டி அதற்குள் மின்சாரத்தை விட்டார்கள். ஐப்பசி கார்த்திகையில் மெட்ராஸ் தெரு எப்படி இருக்கும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. காடியில் வெள்ளம் புகுந்து படாதபாடு பட்டு, அப்புறம் கம்பியை மேலே தூக்கிக் கட்டினார்கள். 1953 ஏப்ரலில் நஷ்டம் என்று மூடினார்கள்.

கும்பகோணம் வாசகர்: பம்பாய்க்கு வந்தவர்கள் நம் ஊருக்கு ஏன் வரவில்லை? தஞ்சாவூர், குடந்தை, மாயவரம், நாகை என்று வரிசையாக ஊர்கள் இருக்கின்றனவே.

வந்து மின்சாரத்துக்கு எங்கே போவார்கள்? மேட்டூர் மின்நிலையமே 1937இல்தான். அதற்குள் டிராம் காலம் இறங்குமுகம். குதிரை டிராம் போடலாமே என்றால், நம் ஊர்கள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் நடந்து போகிற அளவு, மூட்டை இருந்தால் ஜட்கா இருந்தது. ஊருக்கும் ஊருக்கும் நடுவே போகத்தான் வண்டி தேவைப்பட்டது, அதற்கு ரயில் 1861இலேயே நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வந்துவிட்டது. மாயவரம்–முத்துப்பேட்டை ரயிலுக்கு லண்டன்காரன் காசைக்கூட நம் ஆட்கள் எதிர்பார்க்கவில்லை. தஞ்சாவூர் ஜில்லா போர்டு வரி போட்டுச் சேர்த்த பணத்தில் பாதை போட்டு, 1894இல் திறந்து, ஓட்டுகிற வேலையை மட்டும் சவுத் இந்தியன் ரயில்வேயிடம் கொடுத்தது. இங்கிலாந்து நகரசபைகள் 21 வருஷம் காத்திருந்து செய்ததை நம் ஜில்லா போர்டு முதல் நாளே செய்துவிட்டது என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. வரி கட்டிய மிராசுதார்கள் என்ன சொன்னார்களோ!

இன்னொன்று, தேர். டிராம் கம்பி தெருவுக்கு நடுவில் தலைக்கு மேல் போகும். நம் அகலமான தெருக்கள் எல்லாம் தேரோடும் வீதிகள், திருவாரூர் ஆழித்தேர் 96 அடி. அது ஓடும் தெருவில் எந்தக் கார்க்கே கம்பி கட்டுவார்? இப்போதும் தேரன்று கம்பியைக் கழற்றி, தேர் தாண்டியதும் மாட்டுகிறார்கள். இதை வேடிக்கையாக மட்டும் எழுத மனம் வரவில்லை. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் பக்கத்தில் களிமேட்டில் தேர் மின்கம்பியில் பட்டு 11 பேர் போனார்கள்.

சீர்காழி வாசகர்: டிராமில் ஃபுட்போர்டு அடித்தால் அபராதம் உண்டா?

உங்கள் மகன் கல்லூரிக்கு எந்த பஸ்ஸில் போகிறான் என்று முதலில் சொல்லுங்கள்.

மன்னார்குடி வாசகர்: அந்த பி.இ.டி. கம்பெனி இப்போது இருக்கிறதா?

அந்தப் பெயரில் இல்லை. பஸ்ஸை விற்ற பிறகு சலவை, துண்டு வாடகை, இன்னும் என்னென்னவோ செய்தார்கள். நடுவில் ரேடியோ, டிவி வேறு. சிங்கப்பூரில் 1949இல் வந்த ரீடிஃப்யூஷன் கம்பி ரேடியோ இவர்கள் குழுமத்துடையதுதான், அங்கே கடை வைத்திருந்த நம் பக்கத்து ஆட்களுக்கு அந்தப் பெட்டி ஞாபகம் இருக்கும். 1996இல் மொத்தக் கம்பெனியையும் ரென்டோகில் விழுங்கிவிட்டது. ஆமாம், எலியும் கரப்பானும் ஒழிக்கிற அதே ரென்டோகில். அதை 1925இல் ஆரம்பித்த மேக்ஸ்வெல் லெஃப்ராய் என்ற பேராசிரியர், அதற்கு முன்னால் பீகாரில் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் இருந்துகொண்டு இந்தியப் பயிர்ப் பூச்சிகளைப் பற்றிப் புத்தகமே எழுதியவர்.

உங்கள் கடிதத்தின் கடைசியில், வரப்பெல்லாம் எலி வளை, கதிர் முற்றுவதற்குள் வெட்டிப் போடுகிறது, அந்தக் கம்பெனியைக் கூப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் ஹோட்டலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்கள். உங்களுக்கு மூங்கிலை வளைத்துக் கட்டின எலிப்பொறி, தஞ்சாவூர் கிட்டிதான் சரி. சாயங்காலம் வரப்போரம் வைத்துவிட்டு விடியற்காலையில் போய்ப் பாருங்கள். கிட்டி வைக்கத் தெரிந்த ஆள் இன்னும் உங்கள் ஊர்ப் பக்கம் இருப்பார், கூலியை முன்னாலேயே பேசிவிடுங்கள்.