புனர்பூசத்தைச் சுற்றும் கிரகம்

கேள்வி: என் மகளுக்குப் புனர்பூச நட்சத்திரம். அதைச் சுற்றி ஒரு கிரகம் இருப்பதாகப் பாடசாலையில் கேட்டுவிட்டு வந்து, "காட்டுங்க அம்மா" என்று நச்சரிக்கிறாள். உண்மையா? எங்கள் தோட்டத்திலிருந்து தெரியுமா?
- வாசகி, தலவாக்கலை

பதில்: நட்சத்திரம் வெறுங்கண்ணுக்கே தெரியும், கிரகம் தெரியாது. புனர்பூசம் என்று நாம் சொல்வது பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு நட்சத்திரங்களை. அதில் பிரகாசமாக, கொஞ்சம் செம்மஞ்சளாக இருப்பது போலக்ஸ்; கிரகம் சுற்றுவது இதைத்தான். நம்மிலிருந்து 34 ஒளியாண்டு தூரம். உள்ளே இருந்த ஹைட்ரஜன் எரிந்து தீர்ந்ததால் ஊதிப் பெருத்துப்போன நட்சத்திரம் அது; சூரியன் ஒரு மிளகு என்றால் இது ஒரு தேசிக்காய்.

பார்க்க முடியாத கிரகத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதை மகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். அட்டன் வீதியில் பஸ் ஹோர்ன் அடித்தபடி வரும்போது கூர்மையாகக் கேட்கிற சத்தம், நம்மைத் தாண்டியதும் சட்டென்று தணியும் அல்லவா, ஒளியும் அப்படித்தான். கிரகம் இழுக்கிற இழுப்பில் நட்சத்திரமும் லேசாக ஆடுகிறது, நம் பக்கம் வரும்போது அதன் ஒளி நீலத்தின் பக்கமும் விலகும்போது சிவப்பின் பக்கமும் மயிரிழை நகர்கிறது. அந்த ஆட்டத்தின் வேகம் செக்கனுக்குச் சுமார் 40 மீட்டர்தான். ஏறக்குறைய 590 நாளுக்கு ஒருமுறை அது திரும்பத் திரும்ப வருவதை 25 வருட அளவீடுகளில் பார்த்த பிறகே, 2006இல் கிரகம் என்று உறுதியாகச் சொன்னார்கள். வியாழனைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் எடை. 2015இல் தெஸ்தியாஸ் என்று பெயரும் வைத்தார்கள்.

போலக்ஸில் மெல்லிய காந்தப்புலம் இருப்பது பிறகு தெரியவந்ததும், ஆட்டத்துக்கு அதுதான் காரணமோ என்று சில ஆய்வாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இத்தனை வருடம் தாளம் தப்பாத ஆட்டத்துக்குக் கிரகம் என்ற விளக்கமே எனக்குப் பொருந்தி வருகிறது.

சரி, எப்போது பார்ப்பது? தை, மாசியில் கொழுந்து கருகும் அளவுக்கு உறைபனி விழுகிற இரவுகளில்தான் நம் மலைநாட்டு வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். தைப்பூசத்துக்கு முதல் நாள் இரவு கிழக்கே பாருங்கள், நிலவுக்கு இடப்பக்கம் கிட்டவே போலக்ஸ் நிற்கும். மலை மறைத்தால் ஒன்பது மணிவரை பொறுத்திருங்கள், மேலே வந்துவிடும். மகளுக்கு ஸ்வெட்டர் போட்டுக் கூட்டிப் போங்கள்.