பரிந்துரைக் கடிதம் கடைசித் தேதிக்குள் வராவிட்டால் விண்ணப்பம் என்ன ஆகும்?

கேள்வி: "அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கிறேன். டிசம்பர் 15 கடைசித் தேதி, இன்று 13. மூன்று பரிந்துரைக் கடிதங்களில் இரண்டு வந்துவிட்டன. மூன்றாவது பேராசிரியர் அக்டோபரில் 'கண்டிப்பாகத் தருகிறேன்' என்றார். இப்போது மெயிலுக்குப் பதிலே இல்லை. அவர் கடிதம் வந்ததும் எல்லாவற்றையும் சேர்த்துச் சமர்ப்பிக்கலாம் என்று காத்திருக்கிறேன். ஒரு வருடம் வீணாகிவிடுமா?"

முதலில் போய் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்துவிட்டு வாருங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

ஆயிற்றா? சரி. ஏன் இந்த அவசரம் என்றால், டிசம்பர் 15 என்பது பெரும்பாலும் உங்கள் பங்குக்கான தேதி. படிவம், நோக்கக் கட்டுரை (ஏன் இந்தப் படிப்பு என்று நீங்கள் எழுதுவது), மதிப்பெண் பட்டியல், கட்டணம் எல்லாம் அதற்குள் போய்ச் சேர வேண்டும். கடிதம் எழுதுபவருக்குத் தனி வாசல் இருக்கிறது. நீங்கள் சமர்ப்பித்த பிறகும் அந்த வாசல் திறந்திருக்கும்படிதான் அநேகமாக எல்லா விண்ணப்பப் போர்ட்டல்களும் அமைக்கப்பட்டிருக்கின்றன. இன்னொன்றும் உண்டு. சில போர்ட்டல்களில் பேராசிரியரின் பெயரைச் சேமித்த உடனே, கடிதத்தை ஏற்றுவதற்கான லிங்க் அவருக்குப் போய்விடும். சிலவற்றில் நீங்கள் 'சமர்ப்பி' பொத்தானை அழுத்திய பிறகுதான் போகும். உங்களுடையது இரண்டாவது வகை என்றால், நீங்கள் அவருக்காகக் காத்திருக்கிறீர்கள், அவரிடம் அப்படி ஒரு லிங்க்கே இல்லை. இரண்டு பேரின் கடிதம் வந்துவிட்டதால் உங்கள் போர்ட்டல் முதல் வகையாகத்தான் இருக்கும், ஆனாலும் மற்ற இடங்களுக்கு விண்ணப்பிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

இனி என் கதை. நான் எட்டு இடங்களுக்கு விண்ணப்பித்தேன். ஏழில் மூன்று கடிதமும் வந்துவிட்டன. எட்டாவதில் மட்டும் மூன்றாவது பேராசிரியரின் பெயருக்கு எதிரே 'இன்னும் வரவில்லை' என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி. காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். அவருக்கு இரண்டு முறை பணிவாக எழுதினேன். ஒரே ஒரு வரி பதில் வந்தது: 'எல்லாம் அனுப்பியாகிவிட்டது.' மனிதர் மறந்துபோய் மழுப்புகிறார் என்று நினைத்து உள்ளுக்குள் கொதித்தேன். கடைசித் தேதி அன்று மாலை அவர் அறைக்கே போய் நின்றேன். "எல்லாத்தையும் போட்டுட்டேனேப்பா, இதோ பார்" என்று கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். ஏழு பல்கலைக்கழகங்களிலிருந்து வந்த ஏழு நன்றி மெயில்கள், ஒரு தனி ஃபோல்டரில், என் பெயரில். எட்டாவது இல்லை. வீட்டுக்கு வந்து படிவத்தைத் திறந்தால், அந்த ஒன்றில் மட்டும் அவருடைய மெயில் முகவரியில் ஓர் எழுத்தை விட்டிருக்கிறேன். மூன்று வாரமாக அந்தப் போர்ட்டல் இல்லாத ஓர் ஆளுக்கு நினைவூட்டல் அனுப்பிக்கொண்டிருந்தது.

முகவரியைத் திருத்தி மீண்டும் அனுப்பினேன். கடிதம் நான்கு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அங்கே எனக்கு இடம் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் பிப்ரவரியில் நேர்காணலுக்கு அழைத்தார்கள். அதாவது கோப்பைப் படித்திருக்கிறார்கள்.

அதனால் அவர்மேல் கோபப்படுவதற்கு முன் உங்கள் விண்ணப்ப நிலைப் பக்கத்தில் அவருடைய முகவரியை ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். பழைய கல்லூரி முகவரியா, இப்போது அவர் பார்க்கும் முகவரியா? ஸ்பேமில் விழுந்திருக்குமா? இந்த மெயில்கள் பல்கலைக்கழகத்தின் ஏதோ ஒரு பொதுவான முகவரியிலிருந்துதான் வரும். தலைப்பில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும், உங்கள் பெயர் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஸ்பேம் வடிகட்டிக்கு அதைத் தூக்கி எறிய வேறு காரணம் வேண்டியதில்லை.

அப்புறம் காலம் போய், நானே கடிதம் எழுதும் இடத்துக்கு வந்தேன். நானும் தாமதம் செய்தேன். எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படும். ஒரு மாணவர் பத்து இடங்களைக் கொடுப்பார். கடிதம் ஒன்றுதான், அதை எழுதி முடிப்பது கஷ்டமில்லை. ஆனால் பத்து லிங்க்கும் பத்து விதம். ஒன்றில் புதிதாகக் கணக்கு தொடங்கச் சொல்லும். ஒன்றில் கடிதத்துக்கு முன்பே ஒரு கட்டப் பட்டியல் வரும்: ஆய்வுத் திறன், எழுத்து, விடாமுயற்சி, குழுவோடு வேலை செய்தல், ஒவ்வொன்றிலும் இந்த மாணவர் நீங்கள் பார்த்தவர்களில் முதல் 5 சதவீதமா, 10 சதவீதமா, 25 சதவீதமா? 'விடாமுயற்சி' என்ற வரிக்கு நேரே மவுஸை வைத்துக்கொண்டு, இவனை எந்தக் கட்டத்தில் போடுவது என்று யோசித்துவிட்டு, வகுப்புக்கு நேரமாகிறது, ராத்திரி பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவிடுவோம். அந்த ராத்திரி ஒரு வாரம் கழித்து வரும். அவருக்கு உங்கள்மேல் அக்கறை இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை.

இன்னொரு விஷயம், மாணவர்கள் யாரும் யோசிக்காதது. தேதி தாண்டிவிட்டால் பேராசிரியருக்கு வெட்கம் வந்துவிடும். இனி அனுப்பி என்ன பயன் என்று தானே முடிவு செய்துகொண்டு, உங்கள் மெயிலைத் திறக்கவே தயங்குவார். அதனால் தாமதமான பிறகு நீங்கள் எழுதும் மெயிலில் முக்கியமான வரி 'தயவுசெய்து' அல்ல, 'இன்னும் வாசல் திறந்திருக்கிறது' என்பதுதான்.

நான் இப்படி எழுதச் சொல்வேன்:

"சார், வணக்கம். என் விண்ணப்பத்தை நேற்றே சமர்ப்பித்துவிட்டேன். போர்ட்டலில் உங்கள் கடிதம் மட்டும் இன்னும் வரவில்லை என்று காட்டுகிறது. லிங்க் ஸ்பேமுக்குப் போயிருக்கலாம் என்று இன்று காலை மறுபடியும் அனுப்பியிருக்கிறேன். வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொன்னால் போதும். கடைசித் தேதிக்குப் பிறகும் கடிதங்களை ஏற்றுக்கொள்வதாகத் துறையில் சொல்கிறார்கள். என் நோக்கக் கட்டுரையும் உங்களிடம் செய்த புராஜெக்டின் ஒரு பக்கச் சுருக்கமும் இணைத்திருக்கிறேன்."

'எழுதிவிட்டீர்களா' என்று கேட்டால் குற்றம் சாட்டுவது போல இருக்கும். 'லிங்க் வந்ததா' என்று கேட்டால் தொழில்நுட்பக் கோளாறு பற்றிய விசாரணை. இரண்டும் ஒரே கேள்விதான், ஆனால் இரண்டாவதற்கு அவர் கூச்சமில்லாமல் பதில் சொல்லலாம். 'ஏற்றுக்கொள்கிறார்கள்' என்ற வரியை மட்டும் விசாரித்து உறுதி செய்த பிறகே எழுதுங்கள். மெயிலுக்கு இரண்டு நாளில் பதில் இல்லையென்றால் போன் செய்யுங்கள், முடிந்தால் நேரில் போங்கள். மூன்றாவது மெயிலை விட மூன்று நிமிடம் அறை வாசலில் நிற்பது பலமடங்கு பயன் தரும்.

யாரிடம் விசாரிப்பது? துறையின் தலைவருக்கோ, நீங்கள் சேர விரும்பும் ஆய்வகத்தின் பேராசிரியருக்கோ எழுதாதீர்கள். பெரும்பாலான துறைகளில் மாணவர் சேர்க்கையைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருப்பார். கோப்பு நிரம்பியிருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது அவர் வேலை. அதற்கு முன் துறையின் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் பக்கத்தைப் படியுங்கள். உங்கள் கேள்விக்கு அங்கேயே பதில் இருக்க வாய்ப்பு அதிகம். இல்லாவிட்டால் நான்கு வரியில் எழுதுங்கள்: விண்ணப்ப எண், இரண்டு கடிதங்கள் வந்துவிட்டன, மூன்றாவது வந்துகொண்டிருக்கிறது, எந்தத் தேதி வரை ஏற்பீர்கள், அதுவரை இருப்பதை வைத்துக் கோப்பைச் சேர்க்கைக் குழுவுக்கு அனுப்ப முடியுமா?

அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். கடிதம் இரண்டு நாள் தாமதமானதற்காகப் பெரும்பாலும் யாரும் உங்களைத் தண்டிக்கப் போவதில்லை. சேர்க்கைக் குழுவில் இருப்பவர்களும் பேராசிரியர்கள்தான், அவர்களும் வேறு யாருக்கோ எழுத வேண்டிய கடிதத்தை அதே வாரத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பார்கள். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சில துறைகளில் முழுமை பெறாத கோப்பு குழுவின் கைக்கே போகாது, போர்ட்டலிலேயே தேங்கிவிடும். டிசம்பர் கடைசி வாரத்தில் பல பல்கலைக்கழக அலுவலகங்கள் மூடிவிடும் என்பதால், 22 அல்லது 23ஆம் தேதிக்குள் இந்த மெயிலை அனுப்பிவிடுங்கள். பல இடங்களில் குழு விண்ணப்பங்களை உண்மையில் வாசிப்பது விடுமுறை முடிந்த பிறகுதான் சூடு பிடிக்கும், அதனால் உங்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் இருக்கிறது.

இந்தத் தாராளம் உதவித்தொகைகளுக்குப் பொருந்தாது. அங்கே தேதி என்றால் தேதி. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை முதுநிலை மாணவர்களுக்குத் தரும் ஆய்வு உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். கடிதங்களுக்கென்று தனிக் கடைசித் தேதி உண்டு, குறைந்தது இரண்டு கடிதமாவது அதற்குள் வராவிட்டால் விண்ணப்பத்தைப் படிக்காமலே திருப்பிவிடுவார்கள். ஆனால் அதே படிவத்தில் ஐந்து பேர் வரை பெயர் கொடுக்கலாம். விதி எழுதியவர்களுக்கே பேராசிரியர்களைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இதிலிருந்து நீங்களும் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மூன்று கேட்கும் போர்ட்டல்கள் பல, நான்காவது பெயரையும் ஏற்கும். அந்தப் பேராசிரியரிடமிருந்து ஒரு வாரத்துக்குள் எந்தச் சத்தமும் இல்லையென்றால், அல்லது இரண்டு முறை 'நாளைக்கு' என்று சொல்லி அந்த இரண்டு 'நாளை'யும் போய்விட்டதென்றால், நான்காவது ஆளிடம் போங்கள். உங்கள் வேலையை அருகிலிருந்து பார்த்த யாராக இருந்தாலும் சரி: புராஜெக்ட் வழிகாட்டி, பயிற்சிக் காலத்து மேலாளர், பாடம் எடுத்த இளம் ஆசிரியர். நிலைமையை மறைக்காமல் சொல்லுங்கள், "ஒருவர் தர முடியாமல் போகலாம் போலிருக்கிறது, ஐந்து நாளில் முடியுமா?" என்று கேளுங்கள். பழையவருக்கு 'உங்களை மாற்றிவிட்டேன்' என்று எழுதித் தொலைக்காதீர்கள். இரண்டும் வந்தால் நான்கு கடிதம், நஷ்டம் ஒன்றுமில்லை. இடம் மூன்றுதான் என்றால் பெயரை மாற்ற முடியுமா என்று ஒருங்கிணைப்பாளரையே கேளுங்கள்.

என் சொந்த அபிப்பிராயம், சிலருக்குப் பிடிக்காது: பெரிய பெயர் உள்ளவரின் நான்கு வரிக் கடிதத்தை விட, உங்களோடு ஆய்வகத்தில் நின்ற உதவிப் பேராசிரியரின் ஒன்றரைப் பக்கம் மேல். பெரும்பாலும் அவர் நேரத்துக்கும் அனுப்பிவிடுவார்.

ஒரு பள்ளத்தில் மட்டும் விழாதீர்கள். அவசரத்தில் பேராசிரியரே, "எனக்கு நேரமில்லை, நீயே எழுதி லிங்க்கில் ஏற்றிவிடு" என்று சொல்லக்கூடும். அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். செய்யாதீர்கள். அவர் பெயரில் நீங்கள் ஏற்றுவது ஏமாற்று, தெரியவந்தால் கிடைத்த இடமும் போகும். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை வேண்டாம் என்று படிவத்தில் ஒரு கட்டத்தை டிக் செய்திருப்பீர்கள் அல்லவா? 1974இல் வந்த அமெரிக்கக் கல்வித் தனியுரிமைச் சட்டம் மாணவருக்குத் தரும் உரிமை அது. அதை விட்டுக்கொடுத்துவிட்டு, கடிதம் உங்கள் கை வழியாகவே போவது எப்படிச் சரியாகும்? அதற்குப் பதிலாக, அவரிடம் செய்த வேலை, வாங்கிய மதிப்பெண், அவர் பாராட்டிய அந்த ஒரு விஷயம் என்று ஏழெட்டுக் குறிப்புகளை எழுதிக் கொடுங்கள். எழுத அவருக்கு அரை மணி நேரம் போதும். போர்ட்டல்தான் அவரை வதைக்கிறது என்றால், கல்லூரி மெயிலிலிருந்து அவரே நேரடியாக ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பினால் ஏற்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். சில துறைகள் ஏற்கின்றன.

கடிதம் வந்துவிட்டதும் அவருக்கு ஒரு நன்றி மெயில் போடுங்கள். ஏப்ரலில் எங்கே சேர்வதென்று முடிவான பிறகு இன்னொன்று. நான் இதுவரை பதினோரு பேருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று எனக்கு எழுதியவர்கள் மூன்று பேர். மற்ற எட்டுப் பேரின் அந்தக் கட்டப் பட்டியல்கள்தான் இன்னும் நினைவில் இருக்கின்றன.